கல்குலேட்டர் லூப் நிற்கவே மாட்டேன் என்கிறது, வாய்க்கால் ஆழம் 14.63 மீற்றர் வருகிறது

உப்புவெளிப் பிள்ளை

தலைப்பில் இருக்கிற 14.63 எழுத்துப்பிழை இல்லை. ஒன்றரை மீற்றர் அடி அகலமுள்ள மண் வாய்க்காலுக்கு என் புரோகிராம் தந்த நீர் ஆழம் அது. அதுவும் நான் ஏசி பட்டனை அழுத்தி நிறுத்தினதால்தான் அந்த இடத்தில் நின்றது. விட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டீ.ஓ.) பயிற்சியில் இருக்கிறேன். இப்போது வேலை தம்பலகாமம் பக்கம். சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். ஒரு கிளை வாய்க்காலில் வினாடிக்கு 1.2 கன மீற்றர் விட்டால் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று சேர் கேட்டார். ஆழம் தெரிந்தால் பாய்ச்சலை, அதாவது வினாடிக்கு ஓடும் தண்ணீரின் அளவை, மானிங் சமன்பாட்டில் ஒரே வரியில் எடுக்கலாம். பாய்ச்சலைத் தந்து ஆழத்தைக் கேட்டால்தான் சிக்கல். ஆழம் பரப்புக்குள்ளும் இருக்கிறது, நனைந்த சுற்றளவுக்குள்ளும் இருக்கிறது. அதை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. ஆழத்தை ஊகித்துப் போட்டு, பாய்ச்சலைப் பார்த்து, திரும்பவும் ஊகித்து என்று நாலு துண்டுக்குக் கையால் செய்தேன், மத்தியானம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

என்னிடம் இருப்பது கசியோ எஃப்எக்ஸ்-5800பி. சித்தப்பா நில அளவையில் வேலை செய்தவர், 2011 இல் கனடா போகும்போது அலுமாரிக்குள் விட்டுப் போனது. மூடியின் உள்பக்கம் ஒட்டுரேப்பில் நீலப் பேனையால் "உள்ளே இருப்பதை அழிக்காதே" என்று எழுதியிருக்கிறார். அதனால் அவருடைய புரோகிராம்களைத் தொடாமல் புதிதாக ஒன்று எழுதினேன். போனில் தமிழ்தான் அடிப்பேன் என்பதால் கல்குலேட்டர் எழுத்துகளை உச்சரிப்புப்படி போடுகிறேன். கியூ பாய்ச்சல், எல் அடி அகலம், எம் பக்கச் சாய்வு, என் கரடுமுரடு, எஸ் வாய்க்காலின் சரிவு, வை ஆழம்.

?→கியூ
?→எல்
?→எம்
?→என்
?→எஸ்
0→வை
0→எஃப்
வைல் எஃப்≠கியூ
வை+0.01→வை
வை×(எல்+எம்×வை)→ஏ
ஏ÷(எல்+2×வை×√(1+எம்²))→ஆர்
ஏ×ஆர்^(2÷3)×√(எஸ்)÷என்→எஃப்
வைல்எண்ட்
வை◢

நான் நினைத்தது இதுதான்: ஒவ்வொரு சென்ரிமீற்றராக ஆழத்தைக் கூட்டிக்கொண்டு போ, கணக்கில் வருகிற பாய்ச்சல் எஃப் நமக்குத் தேவையான கியூவுக்குச் சமமானதும் நில். கொடுத்த எண்கள் 1.2, 1.5, 1.5, 0.025, 0.0004. எக்ஸி அடித்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி அழுத்தி, ஆல்பா வை அடித்துப் பார்த்தால் 14.63.

மூன்று தரம் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிட்டேன். பற்றரியும் மாற்றிப் பார்த்தேன். எங்கே பிழை? இதைவிடச் சுருக்கமான வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற டீ.ஓ.

மகள், உங்கள் சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. கொப்பியில் போட்டுப் பார்த்தேன். பற்றரியிலும் இல்லை. பிழை ஒரேயொரு குறியில், அந்த ≠ இல்.

84 ஆவது சுற்றில் என்ன நடக்கிறது என்று கையால் பாருங்கள். வை 0.84, பரப்பு 2.318, நனைந்த சுற்றளவு 4.529, நீர் ஆரை (பரப்பு÷சுற்றளவு) 0.512. எஃப் 1.187 வருகிறது. இன்னும் 1.2 ஆகவில்லை, ஆகவே சுற்று தொடர்கிறது. 85 ஆவது சுற்றில் வை 0.85, எஃப் 1.215. இதுவும் 1.2 இல்லை! கல்குலேட்டர் உங்களிடம் கேட்கும் கேள்வி "சமமா, இல்லையா" என்பது மட்டும்தான். 1.187 உம் சமமில்லை, 1.215 உம் சமமில்லை. தாண்டிப் போய்விட்டோம் என்று அதற்குச் சொல்ல நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எஃப் கூடிக்கொண்டேதான் போகும், 1.2 க்குத் திரும்பி வராது.

வாய்க்கால் கட்டில் ஒருவன் ஒரு எட்டுக்கு ஒரு மீற்றராக நடக்கிறான் என்று வையுங்கள். கல் நட்டிருப்பது 84 மீற்றருக்கும் 85 மீற்றருக்கும் நடுவில். "என் கால் அந்தக் கல்லின் மேல் பட்டால்தான் நிற்பேன்" என்று அவன் சொன்னால், நேரே போய்த் தம்பலகாமக் குடாவுக்குள்தான் இறங்குவான். "கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை நட" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியை இப்படி மாற்றுங்கள்:

வைல் எஃப்<கியூ

0.85 காட்டி நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நீங்கள் சரியாகச் செய்திருப்பது. லூப்புக்கு வெளியே 0→எஃப் போட்டிருக்கிறீர்கள். பலர் அதை விட்டுவிடுவார்கள். முதல் தரம் ஓட்டும்போது எஃப் தற்செயலாக 0 ஆக இருந்தால் விடை வரும். இரண்டாம் தரம் ஓட்டினால் போன தரத்து 1.215 எஃப்பிலேயே கிடக்கும், நிபந்தனை வாசலிலேயே பொய்யாகிவிடும், லூப்புக்குள் போகாமலே "ஆழம் 0" என்று காட்டும். வைல் என்பது வாசலில் நின்று கேட்கிற காவல்காரன், உள்ளே விட முன்னமே கேட்பான். 5800 இல் டூ, எல்பிவைல் என்று இன்னொரு சோடி இருக்கிறது. அது ஒரு தரம் உள்ளே போய்விட்டு, வெளியே வரும் கடப்பில் கேட்கும். கீழே அதைத்தான் பாவித்திருக்கிறேன்.

இதை எங்கே படித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் 1984 இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கந்தோரில் இருந்தது கசியோ எஃப்எக்ஸ்-3600பி. புரோகிராம் இரண்டு, மொத்தம் 38 படி. வைல், ஃபோர், இஃப் ஒன்றும் கிடையாது. இருந்த நிபந்தனை இரண்டு. திரையில் உள்ள எண் பூச்சியத்தைவிடப் பெரிதென்றால் முதல் படிக்குத் திரும்பு. அல்லது நினைவகத்தில் உள்ளதைவிடப் பெரிதில்லை என்றால் முதல் படிக்குத் திரும்பு. அவ்வளவுதான். நடுப்படிக்குத் திரும்பவே முடியாது. ஆகவே தொடக்க எண்களையெல்லாம் புரோகிராமுக்கு வெளியே, கே நினைவகங்களில் கையால் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவோம். உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாம் பூச்சியமாகிவிடும். "சமமானால் நில்" என்ற கட்டளை அந்த மெஷினில் இருக்கவே இல்லை. தேவையானதிலிருந்து வந்ததைக் கழித்துத் திரையில் வைப்போம். மிச்சம் பூச்சியத்துக்கு மேல் இருக்கும்வரை திரும்பும். உங்கள் எஃப்<கியூ அதேதான், எழுத்து மட்டும் வேறு. வசதி குறைந்த மெஷின் என்றாலும், எதைக் கேட்டு நிற்பது என்பதை முதலில் யோசிக்க வைத்தது அதுதான்.

இனி நீங்கள் கேட்ட சுருக்கமான வழி. சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக ஏறினால் 85 சுற்று. மில்லிமீற்றருக்கு ஏறினால் 845 சுற்று. அதற்குப் பதில் சமன்பாட்டை இப்படித் திருப்புங்கள். கியூ×என்÷√எஸ் என்பது பரப்பின் 5/3 அடுக்கைச் சுற்றளவின் 2/3 அடுக்கால் வகுத்தது. இருபுறமும் 0.6 அடுக்கு ஏற்றினால் பரப்பு தனியே வந்துவிடும்: அந்த எண்ணின் 0.6 அடுக்கு, பெருக்கல் சுற்றளவின் 0.4 அடுக்கு. பரப்பை (எல்+எம்×வை) ஆல் வகுத்தால் ஆழம். வலப்பக்கத்திலும் ஆழம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், பழைய ஆழத்தை அங்கே போடுங்கள், புதிய ஆழம் இடப்பக்கம் வரும், அதைத் திரும்ப வலப்பக்கம் போடுங்கள்.

1→வை
0→ஐ
(கியூ×என்÷√(எஸ்))^0.6→கே
டூ
வை→எக்ஸ்
கே×(எல்+2×எக்ஸ்×√(1+எம்²))^0.4÷(எல்+எம்×எக்ஸ்)→வை
ஐ+1→ஐ
ஐ>50⇒ஸ்டாப்
எல்பிவைல் ஆப்ஸ்(வை-எக்ஸ்)>0.0005
வை◢

முதலில் உள்ள ஐந்து கேள்வி வரிகளும் அப்படியே மேலே இருக்கட்டும். உங்கள் எண்களுக்கு ஆழம் ஒரு மீற்றரில் தொடங்கி 0.816, 0.850, 0.844, 0.845, 0.845 என்று போகும். ஐந்தாம் சுற்றில் நிற்கும். ஒரு தரம் கீழே, ஒரு தரம் மேலே என்று ஊஞ்சல் மாதிரி ஆடி அடங்குவதைப் பார்க்க விருப்பமென்றால் உள்ளே ஒரு வை◢ போட்டு எக்ஸி எக்ஸி என்று அழுத்திப் பாருங்கள்.

இங்கேயும் வை≠எக்ஸ் என்று எழுத ஆசை வரும். வேண்டாம். திரையில் தெரிவது பத்து இலக்கம், கல்குலேட்டர் உள்ளே பதினைந்து இலக்கம் வைத்திருக்கிறது. திரையில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு எண் உள்ளே கடைசி இலக்கத்தில் வேறாக இருக்கலாம், அதற்காக அது சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். ஆப்ஸ் என்பது கூட்டல் கழித்தல் குறி பாராத வித்தியாசம், அது அரை மில்லிமீற்றர் ஆனால் போதும் என்று நான் வைத்திருப்பது சும்மா இல்லை. ஸ்டாஃப் (அளவுக்கோல்) பிடித்து நீங்கள் வாசிக்கப் போவதே சென்ரிமீற்றர்தான், அதற்கு மேல் நுணுக்கம் வாய்க்காலில் இல்லை.

விடை வந்ததும் அந்த ஆழத்தை மானிங்கில் திரும்பப் போட்டு 1.2 வருகிறதா என்று ஒரு தரம் பாருங்கள். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்தபோது எனக்கு இரண்டு வருட சேவை. நூற்றுக்கு மேற்பட்ட சனம் போனது. மறுகிழமை வயலில் மணல் முழங்காலளவு கிடந்ததைப் பார்த்தவன் நான். வாய்க்கால் கணக்குக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் மட்டம் எழுதின எந்தத் தாளிலும் திருப்பிச் சரிபார்க்காமல் நான் கையெழுத்து வைத்ததில்லை.

---

தியோடலைட்

ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் சேர்ப்பது பழைய மொடல் வைத்திருக்கிறவர்களுக்கு.

எஃப்எக்ஸ்-3650பி இன் பழைய பதிப்பில் வைல் கிடையாது. 360 படி, நாலு புரோகிராம் இடம். லேபிளும் கோட்டுவும் அம்புக்குறியும்தான். லூப்பின் தலையில் லேபிள் 1 போடுங்கள், அடியில்

கியூ>எஃப்⇒கோட்டு 1

என்று எழுதுங்கள். அதில் சிறிது என்ற குறியும் இல்லை, பெரிது மட்டும்தான், அதனால் இரு பக்கத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். அம்புக்கு முன்னால் உள்ளது உண்மை என்றால் அடுத்த கட்டளை நடக்கும், பொய் என்றால் அதைத் தாண்டிப் போகும். எஃப்எக்ஸ்-50எஃப்எச் இல் வைல், ஃபோர், இஃப் எல்லாம் இருக்கிறது, இடம் 680 பைட். ஆனால் இந்த இரண்டிலும் எழுத்து நினைவகம் ஏழுதான்: ஏ, பி, சி, டி, எக்ஸ், வை, எம். கியூ, எல், என், எஸ் எல்லாவற்றுக்கும் இடம் வராது. கியூ×என்÷√எஸ் ஐ வெளியே கணக்குப்பண்ணி ஒரே எண்ணாகக் கொடுத்தால் இரண்டு எழுத்து மிச்சம்.

5800 இல் 28,500 பைட் இருக்கிறது. தங்கச்சி, சித்தப்பாவின் புரோகிராம்களை அழிக்க வேண்டிய தேவை உங்களுக்கு ஒருநாளும் வராது.

---

கிண்ணியா மாஸ்டர்

நான் கணிதம் படிப்பிக்கிறவன், வாய்க்கால் வேலை தெரியாது. வாப்பாவின் வயல் மட்டும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி என் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அவர்களிடம் இருப்பதெல்லாம் எஃப்எக்ஸ்-991இஎஸ். புரோகிராம் எழுத முடியாது. பரீட்சை மண்டபத்துக்குப் புரோகிராம் உள்ள கல்குலேட்டர் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அதிலும் ஐயா சொன்ன சுற்றை ஓட்டலாம், ஆன்ஸ் பட்டன் போதும்.

முதலில் 1 அடித்துச் சமன் அழுத்துங்கள். இப்போது ஆன்ஸுக்குள் 1 இருக்கிறது, அதுதான் தொடக்க ஆழம். அடுத்து இதை அடியுங்கள்:

1.5^0.6×(1.5+2×ஆன்ஸ்×√(3.25))^0.4÷(1.5+1.5×ஆன்ஸ்)

முதலில் வருகிற 1.5 என்பது 1.2×0.025÷0.02. மற்ற இரண்டு 1.5 உம் அகலமும் சாய்வும், ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல், குழம்ப வேண்டாம். இனிச் சமன், சமன், சமன். ஒவ்வொரு அழுத்தலிலும் ஆன்ஸ் புதுப்பிக்கப்படும், அதே வரி திரும்ப ஓடும். 0.816, 0.850, 0.844, 0.845, 0.845. திரையில் மூன்றாம் தசமம் அசையாமல் நின்றதும் கையை எடுங்கள். இங்கே விரல்தான் லூப், கண்தான் நிபந்தனை.

என் வகுப்பில் இதைக் காட்டும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், 1 இல்லாமல் 5 இல தொடங்கினா?" தொடங்கிப் பாருங்கள் என்றேன். வகுப்பு முழுக்க ஆளுக்கொரு எண்ணில் தொடங்கினார்கள். 5, 100, 0.001. எல்லாருக்கும் 0.845 வந்தது. அந்த நேரம் வகுப்பில் எழும்பின சத்தம் இருக்கே, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தா. ஆனால் எல்லாச் சுற்றும் இப்படி அடங்காது. ஐயா சமன்பாட்டைத் திருப்பின விதத்தில்தான் விசயம் இருக்கு. அதே மானிங்கை வேறு மாதிரித் திருப்பினால் எண் ஒவ்வொரு சுற்றிலும் விலகி விலகிப் போகவும் கூடும். அந்த இடத்தில்தான் ஐயாவின் ஐ>50 50 சுற்றைத் தாண்டினதும் நிறுத்தி ஆளைக் காப்பாற்றும்.

991 இல் சால்வ் பட்டனும் இருக்கு, நியூட்டன் முறையில் விடை தேடும். விடையை மட்டும் தரும், போன வழியைக் காட்டாது. படிக்கிற காலத்தில் நான் ஆன்ஸைத்தான் சொல்வேன்.

---

உப்புவெளிப் பிள்ளை

ஐயா, மாஸ்டர் நானா, தியோடலைட் அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. ஒரு கிழமை பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வரத்தான்.

≠ ஐ < ஆக மாற்றினேன். 0.85 என்று நின்றது. அந்த ஒரு குறிக்காக நான் பற்றரி மாற்றியிருக்கிறேன். ஐயா சொன்னபடி 84 ஆவது, 85 ஆவது சுற்றைக் கொப்பியில் கையால் போட்டேன். 1.187 இலிருந்து 1.215 க்குத் தாவுகிற இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாக விளங்கினது. டூ புரோகிராமும் ஓட்டினேன், 0.845. உள்ளே வை◢ போட்டு ஊஞ்சலையும் பார்த்தேன்.

பிறகு கரடுமுரடு என் க்கு 0.035 கொடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் அந்தத் துண்டில் பன்னும் புல்லும் இரு கரையிலும் அடர்ந்து கிடக்கிறது. ஆழம் 1.00 வந்தது. வாய்க்கால் கட்டின் உயரம் அடியிலிருந்து 1.10 தான். துப்புரவான வாய்க்காலில் 25 சென்ரிமீற்றர் மிச்சம், புல் மண்டினால் 10 சென்ரிமீற்றர் மிச்சம். அதே தண்ணீர், அதே சரிவு. இதைச் சேரிடம் காட்டினேன், அவர் கொப்பியை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை போய் அளந்து பார்ப்பம்" என்றார்.

இன்னொரு விசயம். "அழிக்காதே" என்றுதான் எழுதியிருக்கிறார், "பார்க்காதே" என்று எழுதவில்லை என்று சித்தப்பாவின் ஒரு புரோகிராமைத் திறந்தேன். றோட்டு வளைவுக்கானது. வில்லின் நீளமும் நாணின் நீளமும் தந்தால் கோணம் கேட்கிற கணக்கு. அதிலும் கோணம் தனியே பிரிந்து வராது, சுற்றித்தான் எடுக்க வேண்டும். லூப்பின் அடியில் ஆப்ஸ் இருக்கிறது, அதற்கு மேலே ஐ>50⇒ஸ்டாப் இருக்கிறது. ஐயா எழுதினதில் உள்ள அதே வரி, அதே 50! இரவு கனடாவுக்கு எடுத்துக் கேட்டேன், யார் சொல்லித் தந்தது என்று. முதல் வருடம் வேலையில் ஒரு பெரியவர் சொன்னாராம், பெயர் இப்போது ஞாபகம் இல்லையாம், 50 ஏன் என்றும் தெரியாதாம்.

வியாழக்கிழமை போனோம். மதகில் 1.2 விட்டு, மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தோம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையாரும் கரையில் நின்றார். ஸ்டாஃபை நான்தான் தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்தேன். நாலு இடத்தில் வாசித்து எடுத்த சராசரி 0.93.

ஆகவே கரடுமுரடு 0.025 உம் இல்லை, 0.035 உம் இல்லை, நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு லூப் எழுதினேன். வை ஐ 0.93 என்று நிறுத்தி, என் ஐ 0.025 இலிருந்து 0.001 ஆகக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் கூடினால் எஃப் குறையும் என்பதால் இந்தத் தரம் நிபந்தனையைத் திருப்பி, வைல் எஃப்>கியூ என்று போட்டேன். 0.031 இல் நின்றது. நிபந்தனை சரிதானே?

---

ஓய்வுபெற்ற டீ.ஓ.

நிபந்தனை சரி மகள். எஃப் இறங்குகிறது என்று கண்டு குறியைத் திருப்பினீர்களே, அதைப் பார்த்து எனக்கு நிரம்பச் சந்தோசம். ஆனால் இந்த இடத்தில் லூப்பே தேவையில்லை.

ஆழத்துக்கு லூப் ஏன் எழுதினோம்? ஆழம் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு தனியே வர மறுத்தது. கரடுமுரடு என் அப்படி இல்லை. சமன்பாட்டில் ஒரே இடத்தில், வகுத்தலுக்குக் கீழே, தனியாக நிற்கிறது. ஆழம் உங்கள் கையில் இருக்கிறது, பாய்ச்சலும் இருக்கிறது. எஃப்பையும் என்னையும் இடம் மாற்றினால் முடிந்தது:

ஏ×ஆர்^(2÷3)×√(எஸ்)÷கியூ

0.93 க்குப் பரப்பு 2.692, சுற்றளவு 4.853, ஆரை 0.555. என் 0.0303 வரும். உங்கள் லூப் 0.030 இல் எஃப் 1.212 என்று பார்த்து, இன்னும் பெரிதுதானே என்று ஒரு எட்டு கூட வைத்து, 0.031 இல் போய் நின்றிருக்கிறது. அந்தக் கடைசி எட்டு உங்கள் வாய்க்காலுக்குச் சொந்தமில்லை, 0.001 என்று நீங்கள் வைத்த எட்டின் அளவுக்குச் சொந்தம்.

0.030 என்பது புல் பிடித்த மண் வாய்க்காலுக்கு வழமையாக எடுக்கிற பெறுமதிதான். மானிங் 1889 இல் அயர்லாந்தில் இந்தச் சமன்பாட்டை வாசித்தபோது தம்பலகாமத்துப் பன்னைக் கண்டிருக்க மாட்டார், ஆனாலும் உங்கள் ஸ்டாஃபும் அவர் சமன்பாடும் ஒத்துப்போகிறது.

வாசித்த நாலு இடத்தின் ஆழத்தையும் தனித்தனியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்களா? சராசரியை மட்டும் வைத்திருந்தால் புல் எந்த இடத்தில் கூட என்று பிறகு பார்க்க முடியாது.

---

உப்புவெளிப் பிள்ளை

இருக்கிறது ஐயா. 0.91, 0.92, 0.94, 0.95. கீழ்ப்பக்கம் போகப் போகக் கூடுகிறது. புல்லும் கீழ்ப்பக்கம்தான் கூட.

கரடுமுரட்டுக் கணக்கை லூப் இல்லாமல் ஒரே வரியாக எழுதி வேறு புரோகிராமாகச் சேமித்துவிட்டேன், 0.0303 வந்தது. ஆழத்துக்கான டூ புரோகிராமை சித்தப்பாவின் வளைவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூடியில் உள்ள ஒட்டுரேப்பின் கீழே நானும் ஒரு துண்டு ஒட்டி, கேட்கிற ஐந்து எண்ணும் எந்த ஒழுங்கில் வரும் என்று எழுதினேன்: பாய்ச்சல், அகலம், சாய்வு, கரடுமுரடு, சரிவு. திங்கட்கிழமை ரெயில் ஸ்டேசன் பக்கத்துத் துண்டை அளக்கப் போகிறோம். அங்கே ஒரு பக்கம் கொங்கிரீட், மறுபக்கம் மண். அதற்குக் கரடுமுரடு எப்படி எடுப்பது என்று புதிதாக ஒரு கேள்வி போடுகிறேன்.